பத்தாயம், கல்லறை, கராஜ்

எங்கள் வீட்டு கராஜுக்குள் கடைசியாகக் கார் நுழைந்தது 2018-ல். அதன் பிறகு வெயில், மழை, சிட்னியின் ஆலங்கட்டி எல்லாவற்றையும் வாசலில் நின்றே அனுபவித்துக்கொண்டிருக்கிறது பாவம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. "சாமான்" என்பேன். தங்கமணி "குப்பை" என்பார். இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது.

இது என் ஒருவன் வீட்டுக் கதை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போய் ஒவ்வொரு பொருளையும் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். 2012-ல் புத்தகமாக வந்தது. அதில் நாலில் மூன்று கராஜ்களில் கார் நிறுத்த இடமே இல்லை. இதைப் படித்ததும் தங்கமணியிடம் காட்டினேன். "அவங்க வீட்டு லட்சணமும் அப்படியா? சரி, வர்ற மாசம் கவுன்சில் கிளீன்-அப் வருது. அதுக்குள்ள முடிங்க" என்று தேதி குறித்துவிட்டார்.

இந்தச் சாமான் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2016-ல் அப்பா போனார். 2018-ல் திருவனந்தபுரம் பழவங்காடி வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மா நாகர்கோவிலில் அக்காவோடு போய் இருந்துகொண்டார். வீட்டைக் காலி செய்ய எனக்குக் கிடைத்தது பதினோரு நாள் லீவு. எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லை. கைக்கு அகப்பட்டதையெல்லாம் 23 பெட்டிகளில் போட்டுக் கப்பலில் ஏற்றினேன். சிட்னி வந்ததும் கராஜில் இறக்கினேன். கதவை மூடினேன். அவ்வளவுதான்.

இந்த மாதம் அந்தக் கதவைத் திறந்தபோது, சாமான் சேர்த்து வைப்பதில் எங்கள் ஊர் எவ்வளவு பெரிய கை என்று ஞாபகம் வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

திருவனந்தபுரம் தெரியாதவர்களுக்கு: பழவங்காடி என்பது கிழக்கேகோட்டையை ஒட்டிய பகுதி. பழைய அங்காடி என்று பெயரிலேயே கடைத்தெரு இருக்கிறது. ஒரு பக்கம் பழவங்காடிப் பிள்ளையார். திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் கும்பிட்ட பிள்ளையார் இவர். சமஸ்தானப் படை இந்திய ராணுவத்தோடு சேர்ந்த பிறகு, கோயில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பொறுப்புக்கு வந்தது. ராணுவம் நடத்தும் கோயில் என்பதால் எல்லாம் கறாராக இருக்கும். விடலைத் தேங்காய் உடையும் சத்தம் மட்டும் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காது. இன்னொரு பக்கம் சாலை கம்போளம், திவான் ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை. மலையாள நாட்டின் நடுவில் தமிழ் வியாபாரிகள் நிறைந்த தெரு. அப்பா அங்கே ஒரு மொத்த வியாபாரப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினார். நான் பி.காம் படித்ததற்கும் பேங்க் வேலைக்கு வந்ததற்கும் அந்தக் கடையின் பேரேடுதான் காரணம்.

எங்கள் வீடு சின்ன வீடு. ஆனால் சாமான் வைக்க இடமில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உள் அறையில் ஒரு பத்தாயம். தமிழ்நாட்டில் மண்ணால் செய்த குதிர் மாதிரி, மலையாள நாட்டில் மரத்தால் செய்த நெல் பெட்டி. நாலு கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி இருக்கும். ஈரம் ஏறாது, எலி சுலபமாகப் போகாது. மேலே பலகை மூடி. எங்கள் காலத்தில் நெல் இல்லை, அரிசியும் பழைய பாத்திரங்களும்தான். ராத்திரி அதன்மேல் பாய் விரித்து மாமா படுத்துக்கொள்வார். ஒரே பொருள், மூன்று வேலை!

அடுக்களையில் உறி. கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்ட அடுக்குப் பானைகள். பூனைக்கு எட்டாது, தரையில் இடம் பிடிக்காது. அடுப்புக்கு மேலே பரண். புகை படுகிற இடத்தில் பூச்சி வராது என்பதால், ஓலைச்சுவடி இருந்த வீடுகளில் அதையும் அங்கேதான் வைப்பார்கள். மாங்காய் உப்பிலிட்ட சீனப் பரணிகள் இருட்டு மூலையில். பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையில் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய சீனப் பரணிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்தவை அவற்றின் ஏழைச் சொந்தக்காரர்கள் :-)

தரையைத் தொடாமல் வை, உயரத்தைப் பயன்படுத்து, பூச்சியை யோசி. இன்றைக்கு கராஜ் அடுக்க ஆலோசனை சொல்கிற எல்லோரும் சொல்வது இதைத்தான்.

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இன்னொரு சாமான் அறை இருந்தது. அதன் முன்னால் உலகமே வாய் பிளந்தது 2011-ல். ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள். மலையாளத்தில் அதற்குக் கல்லறை என்று பெயர். கல்லால் கட்டிய அறை, அவ்வளவுதான். நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் வேறு ஞாபகம் வரும்.

1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதி வைத்துவிட்டு, அவருடைய தாசனாக இருந்து ஆண்டார். திருப்படிதானம் என்று சொல்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த காணிக்கைகள் இந்த அறைகளில் சேர்ந்தன. அந்த அறைகளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துக்கள் கொடுத்தது நம் காலத்துச் சட்ட ஏற்பாடு. ஆனால் அவற்றின் உபயோகத்தைப் பாருங்கள். ஈ, எஃப் அறைகளில் அன்றாட பூஜைக்கான சாமான்கள், அடிக்கடி திறப்பார்கள். சி, டி அறைகளில் திருவிழாவுக்கு வேண்டியவை, அந்தந்தச் சமயத்தில் திறப்பார்கள். (அந்தத் திருவிழாக்களின் பெயர் அல்பசி, பைங்குனி. மலையாளத்தில் இந்த மாதங்கள் துலாம், மீனம். திருவிழாப் பெயரில் மட்டும் நம் ஐப்பசியும் பங்குனியும் உட்கார்ந்திருக்கின்றன.) ஏ, பி அறைகள் வழக்கமாகத் திறக்காதவை.

தினம் வேண்டியது, வருடத்தில் சில தடவை வேண்டியது, எப்போதாவது வேண்டியது. மூன்று வகை, மூன்று தூரம். கராஜ் அடுக்க இதைவிட நல்ல திட்டம் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

ஆனால் திட்டம் இருந்தும் பிரச்சினை வந்தது. ஏன்? உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த டி.பி. சுந்தரராஜன் என்ற முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி, பின்னாளில் வக்கீல், நிர்வாகத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார். கேரள உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் கோயிலை அரசு ஏற்க வேண்டும் என்றது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்து, முதலில் அறைகளைத் திறந்து பட்டியல் எடுங்கள் என்றது. ஜூன் 27-ம் தேதி திறக்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே சுந்தரராஜன் காலமானார். அப்போது நான் சிட்னி வந்து இரண்டு வருடம். ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு, பேங்கில் என் மேனேஜர் "இது உன் ஊரா?" என்று கேட்டார். "நடந்து போகிற தூரம்" என்றேன். அன்று முழுக்க என்னை மரியாதையாகப் பார்த்தார்.

பேங்க்காரனாக என் கண்ணில் பட்டது வேறு. ஏ அறைக்குள் போனவர்கள் சொன்னதைப் பத்திரிகைகளில் படித்தேன். தரையில் கனத்த கருங்கல் பலகை. அதைத் தூக்கினால் கீழே படி. இருட்டு. உள்ளே மரப்பெட்டிகள் உளுத்து உடைந்து, தங்கமும் கல்லும் தரையில் சிதறிக் கிடந்தன. உலகத்தின் பெரிய பொக்கிஷம், பெட்டி மட்டும் மண்ணாகிவிட்டது! பிறகு நிபுணர் குழு போட்டு, ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, அளந்து, படம் எடுத்துப் பதிவு செய்தார்கள். பி அறை மட்டும் திறக்கவில்லை. அதைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கோயில் குழுக்களே முடிவு செய்யட்டும் என்று 2020 ஜூலைத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் விட்டுவிட்டது.

1933-ல் எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் என்ற அம்மையார் திருவிதாங்கூருக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். அதற்குச் சுமார் 25 வருடத்துக்கு முன்னால் சிலர் தீப்பந்தத்தோடு அறைக்குள் போக முயன்றதாகவும், நாகப்பாம்புகளைப் பார்த்து ஓடி வந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். என் கராஜில் பாம்பு இல்லை. மூன்றாவது பெட்டிக்குப் பின்னால் முதுகில் சிவப்புக் கோட்டோடு ஒரு ரெட்பேக் சிலந்தி இருந்தது. நானும் ஓடித்தான் வந்தேன்.

சரி, கோயில் வழக்கில் அந்தக் காலத்துக்காரர்கள் கணக்கே எழுதவில்லையா என்றால், அப்படிச் சொன்னால் பாவம். எழுதிக் குவித்திருக்கிறார்கள். மதிலகம் ரேகைகள் என்று பெயர். கோயில் வரவு செலவு, நிலம், காணிக்கை, சடங்கு எல்லாம் பனை ஓலையில். ஓலைகளை வட்டமாகச் சுருட்டிக் கட்டிய கட்டுக்குச் சுருணை என்று பேர். ஒரு சுருணையில் ஆயிரம் ஓலை வரைக்கும் இருக்கும். மொத்தம் 30 லட்சத்துக்கு மேல் ஓலைகள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்ம, தமிழ் என்று பல எழுத்துக்கள். எழுதினவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துபோனார்கள். இன்று அவை கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகக் கட்டிடத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடிகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

எழுதி வைத்ததும் போதாது என்பதற்கு இன்னொரு உதாரணம், மலைக்கு இந்தப் பக்கம். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி அலைந்தபோது திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர் போனார். வரகுணராம பாண்டியர் சேர்த்த சுவடிகள் அங்கே கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் போனார். ஆனால் அங்கே கிடைத்த பதில், பழைய ஏடுகளை ஆகம முறைப்படி ஹோமம் பண்ணிவிட்டோம் என்பது. எரித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பழைய சாமானை மரியாதையாக அப்புறப்படுத்தினார்கள். இப்போதைய பாஷையில் சொன்னால், கவுன்சில் கிளீன்-அப்.

இதைப் படித்த பிறகு என் 23 பெட்டிகளைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் ரேக். பேங்க் ரெக்கார்டு ரூம்களிலும் ரேஷன் கடைகளிலும் வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டையில் நிற்குமே, ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக், அதையே வாங்கினேன். அதைக் கண்டுபிடித்தவர் டெமெட்ரியஸ் கோமினோ, 1902-ல் இதே சிட்னியில் பிறந்த கிரேக்க வம்சாவளிக்காரர். லண்டனில் அச்சகம் நடத்தினார். தேவை மாறும்போதெல்லாம் மர ரேக்கை உடைத்து வேறு செய்ய வேண்டியிருந்த அலுப்பில், எப்படி வேண்டுமானாலும் பூட்டிக் கழற்றலாம் என்று ஓட்டை போட்ட இரும்பைச் செய்து 1947-ல் விற்க ஆரம்பித்தார். வலது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டெக்ஸியான் என்று பெயர் வைத்தார். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை செய்த ரேக்கில் புலம்பெயர்ந்தவன் சாமான் ஏறட்டுமே!

செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவம்: அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும் (பத்தாயத்தின் கால்). சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும். கனமானது கீழே, லேசானது மேலே. ரேக்கைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள், குழந்தைகள் ஏறுவார்கள். சைக்கிள், ஏணி, கொலுப்படிப் பலகை எல்லாம் கூரையிலிருந்து கொக்கியில் தொங்கட்டும் (உறி). அட்டைப் பெட்டி வேண்டாம், ஈரத்தில் அதன் கதி ஏ அறையின் மரப்பெட்டி கதிதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி நல்லது. பெட்டி மேல் "பாத்திரம்" என்று எழுதாதீர்கள். நம்பர் மட்டும் போடுங்கள். உள்ளே என்ன என்பது நோட்டில்.

அந்த நோட்டுதான் விஷயமே. பேங்க் லாக்கர் அறையில் நாங்கள் எழுதுவது மாதிரி கட்டம் போட்டேன். எண், பொருள், யாருடையது, எப்போது வந்தது, எந்தத் தட்டு. தூக்கிப் போடுவதற்கு ஜாயின்ட் கஸ்டடி: என் கையெழுத்தும் வேண்டும், தங்கமணி கையெழுத்தும் வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

முதல் கட்டத்தை நிரப்புவது சுலபம். "யாருடையது" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் நாகர்கோவிலில் இருந்தார்.

அம்மாவுக்கு 79 வயது. இரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. சில நாள் அப்பா கடையிலிருந்து வந்தாச்சா என்று கேட்பார். அக்காதான் பக்கத்தில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டாள். நான் கராஜில் நின்று ஒவ்வொரு பொருளாகக் காட்டினேன். மகள் நோட்டில் எழுதினாள்.

ஒரு வெண்கல உருளி. "அது எங்கம்மை எனக்குக் குடுத்தது. அடியில ஒட்டுப் போட்டிருக்கும் பாரு." திருப்பிப் பார்த்தேன். ஒட்டு இருந்தது.

பித்தளைச் செம்பு. "உங்க அப்பாவுக்குக் கடையில குடுத்தது, நீ பொறந்த வருஷம்."

மூன்று சனிக்கிழமை இப்படிப் போனது. சில நாள் இரண்டு பொருளோடு களைத்துவிடுவார். சில நாள் பத்துக்குப் போகும். என் பெயரைத் தடுமாறிய நாளில்கூடப் பாத்திரத்தின் கதை தடுமாறவில்லை.

மூன்றாவது வாரம் மரப் பறையைக் காட்டினேன். பித்தளைப் பூண் போட்டது. நாலு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை, அந்தப் பறை. கல்யாணத்தில் நெல் நிரப்பித் தென்னம்பூ வைத்து நிறைபறையாக வைப்பார்களே, அதுதான். பூண் ஒரு பக்கம் விட்டுப்போய், வெடித்து இருந்தது. நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு, கிளீன்-அப் குவியலுக்குத் தள்ளி வைத்திருந்தோம். சும்மா கேட்போமே என்று காட்டினேன்.

"அது நம்மது இல்ல மக்களே" என்றார் அம்மா.

"பின்ன யாரோடது?"

"எதிர்வீட்டு அம்மாவுக்க. அக்கா கல்யாணத்துக்கு இரவல் வாங்கினது. குடுக்கணும் குடுக்கணும்னு இருந்தேன். குடுத்தியா?"

அக்கா கல்யாணம் 1998-ல். அக்கா போனைப் பிடித்தபடியே வாயில் கை வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இன்னொருவர் வீட்டுப் பொருளை நம்முடையது என்று நினைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, குப்பையில் போடவும் தயாராக இருந்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை மகன், பேங்க் ஆபீசர்! பொறுப்புப் பக்கத்தில் எழுத வேண்டியதைச் சொத்துப் பக்கத்தில் எழுதுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம்.

மகள் நோட்டில் அடித்து எழுதினாள்: எண் 61, மரப் பறை, எதிர்வீட்டுப் பாட்டியுடையது, திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் மகன் அதே தெருவில்தான் இருக்கிறார் என்று அக்கா விசாரித்துச் சொன்னாள். பூணை இங்கேயே ஒரு ஆள் பிடித்துச் சரி செய்துவிட்டேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது செக்-இன் பெட்டியில் பாதி இடம் அதற்கு.

நோட்டில் இப்போது 114 வரிசை. அதில் ஒன்பதுக்கு நேரே "அம்மாவுக்கும் தெரியவில்லை" என்று இருக்கிறது. அவற்றையும் போடவில்லை. ஆனால் கேட்க நாள் குறைந்துகொண்டே வருகிறது என்று தெரிகிறது. பெட்டிகள் வந்த 2018-லேயே கேட்டிருந்தால் அந்த ஒன்பதும் நிரம்பியிருக்கும்.

உங்கள் வீட்டு கராஜிலோ பரணிலோ ஊரிலிருந்து வந்த பெட்டி ஒன்றாவது இருக்கும். ரேக் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இரும்பு எங்கேயும் ஓடாது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடுங்கள். வீடியோவில் பொருளைக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைக் குழந்தைகள் கையால் எழுத வையுங்கள்.

பி.கு.: கார் உள்ளே போய்விட்டதா என்று கேட்பீர்கள். முன்பாதி போகிறது :-)